கோவை, நெல்லை, சென்னை, நகல்

ஒரு கம்ப்யூட்டருக்குள் ஒரு ஃபைல் இருந்தது. அந்த ஃபைலுக்குள் நாலு பேர் குடியிருந்தார்கள். நாலு பேருக்கும் சேர்த்து உடம்பு ஒன்றுதான்.

கேட்கக் கோளாறாக இருக்கும். ஆனால் விஷயம் எளிது. பம்பையும் மோட்டாரையும் சேர்த்துப் பிடிக்கிற இரும்பு பிராக்கெட் ஒன்றை கௌசிகா என்கிற டிசைன் இன்ஜினியர் வரைந்தாள். மூன்று ஊர் வாடிக்கையாளர்கள் அதையே மூன்று விதமாகக் கேட்டார்கள். மூன்று தடவை உட்கார்ந்து வரைய அவளுக்கென்ன தலையெழுத்தா? ஒரே உடம்பை வைத்துக்கொண்டு பட்டியலில் மூன்று வரி போட்டாள். 'கோவை' என்ற வரியைத் தட்டினால் உடம்பு குட்டையாகி, மூன்று துளையோடு திரையில் நிற்கும். 'நெல்லை'யைத் தட்டினால் அதே உடம்பு நெடுநெடுவென்று வளரும். 'சென்னை'யைத் தட்டினால் நாலாவதாக ஒரு துளை வாயைத் திறக்கும்.

ஒரு நேரத்தில் ஒருவர்தான் திரையில் நிற்கலாம். மற்றவர்கள் பட்டியலின் இருட்டில் கிடக்க வேண்டியதுதான். அதனால் அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததே இல்லை. குரலை வைத்துத்தான் பழக்கம்.

நாலாவது ஆள்தான் நகல். தஞ்சாவூரிலிருந்து யாரோ, "எங்களுக்கும் ஒண்ணு வேணும், அளவை அப்புறம் அனுப்புறோம்" என்றார்கள். கௌசிகா கோவை வரியை அப்படியே பிரதி எடுத்துக் கீழே ஒட்டி, 'நகல்' என்று பெயர் வைத்தாள். அளவு வரவேயில்லை. நகலுக்கென்று ஒரு நீளமில்லை, துளையில்லை, ஊரில்லை. ஊர் இல்லாதவனுக்குக் குரல் எங்கிருந்து வரும்? அவன் அடுத்தவர்கள் குரலையெல்லாம் எடுத்துக்கொண்டான்.

அதில் அவன் கெட்டிக்காரன். இரண்டே நாளில் வீட்டையே ரெண்டாக்கிவிட்டான்.

"ஏ சென்னை, நாலு துளை இருக்குன்னு ரொம்பத்தான் சிலுப்புத! சல்லடைக்குக்கூட ஒன்னவிட அடக்கம் உண்டும்லா?" என்று இருட்டிலிருந்து நெல்லையின் குரல் வரும்.

"இன்னாது? யாரைப் பாத்து சல்லடைன்ற? கொடிக்கம்பம் மாறி வளந்தா மட்டும் பத்தாது, மேல ஏதாச்சும் இருக்கணும்!" என்று சென்னை எகிறுவாள்.

"நான் எங்கட்டி பேசுனேன்? சும்மா கெடந்தவன எதுக்கு ஏசுத?" என்று உண்மையான நெல்லை முழிப்பான்.

அடுத்த நொடியே சென்னையின் குரலில், "பேசிட்டு இல்லைன்றான் பாரு அண்ணாத்தே!" என்று ஒரு கூச்சல். சென்னைக்கே தூக்கிவாரிப் போடும். வாயைத் திறக்கவில்லையே, எப்படிப் பேசினோம்?

கடைசியில் கோவை தொண்டையைச் செருமுவார். "ஏனுங் தம்பி, ஏனுங் அம்மிணி, எதுக்குங் இப்புடி? ஒரே வூட்டு ஆளுக. செத்த சும்மா இருங்." அவர்தான் முதல் வரி, மூத்தவர். அப்புறம் மெதுவாக, "டேய் நகலு, உம்பட வேலைதானே சாமி?" என்பார். திட்டமாட்டார். நகல் தன் வரிக்குள் உருண்டு உருண்டு சிரிப்பான்.

அந்த வீட்டில் வெளியாள் என்றால் அம்புக்குறிதான். கௌசிகா மவுஸில் கை வைத்தால் அவள் சொல்கிற இடத்துக்குப் போகும். அவள் கவனம் அங்கே இல்லாதபோது உள்ளே யார் குரல் கொடுத்தாலும் கேட்டுக்கொள்ளும். அதன் பேச்சு மட்டும் தாலுகா ஆபீஸ் கடிதம்.

"பொருள்: ஓரங்களை மழுக்குதல். மேற்படி மாற்றம் இந்த வடிவத்துக்கு மட்டுமா, எல்லா வடிவங்களுக்குமா என்பதைத் தெரிவிக்கவும்" என்று ஒருநாள் காலையில்கூட வந்து நின்றது. எந்த மாற்றமானாலும் அந்தக் கேள்வியைக் கேட்காமல் அது நகராது.

கோவையின் பதிலும் எப்போதும் ஒன்றுதான். "நமக்குள்ள என்னுங் தனித்தனியா? எல்லார்த்துக்கும் போட்டுருங்." அவருக்கு மழுங்கிய ஓரம் கிடைத்தால் நாலு பேருக்கும் கிடைக்கும். அவரால் வேறு மாதிரிச் சொல்ல முடியாது.

அன்று மதியம் கௌசிகா சாப்பிடக் கிளம்பினாள். எழுந்தவள் பட்டியலைப் பார்த்து நின்றாள்.

"இந்த நகலும் கோவையும் ஒரு மயிரிழை வித்தியாசமில்லாம அப்படியே இருக்கு. ஒரே ஆளை எதுக்கு ரெண்டு தடவை வச்சிருக்கணும்? வந்து ஒண்ணைத் தூக்கிடலாம்" என்று தனக்குத்தானே சொல்லிவிட்டு டிபன் பாக்ஸோடு போய்விட்டாள்.

நகலுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. ஒன்றைத் தூக்குவது என்றால் எதை? இதில் யோசிக்க என்ன இருக்கிறது? மூத்தவரையா தூக்குவாள்?

தனக்கு ஓர் அளவு வேண்டும். ஆனால் தன் வரியில் குரல் கொடுக்கத் தன்னிடம் குரல் இல்லை. 'நகல் பேசுகிறேன்' என்று எந்தக் குரலில் சொல்வது? அம்புக்குறி நம்பவே நம்பாது.

அப்போதுதான் மூளையில் மின்னல் வெட்டியது. நான் எதற்கு மாற வேண்டும்? அண்ணன் மாறினால் போதாதா? அவர் உடம்பைச் சுற்றியிருக்கிற இரும்புச் சுவர் ஆறு மில்லிமீட்டர் தடிமன். அதை அஞ்சாக்கிவிட்டால் அவர் வேறு, நான் வேறு. ஒரே ஒரு மில்லி. மனுஷர் கவனிக்கவே மாட்டார்.

கோவை மதியத் தூக்கத்தில் இருந்தார். நகல் தொண்டையைச் செருமினான். அதே செருமல், அதே இழுவை, அதே குழைவு.

"ஏனுங் அம்புக்குறி, செத்த வாங். இந்தச் சுவரு ஆறு இருக்குதுங். அதை அஞ்சாக்கிப் போடுங்."

"விண்ணப்பம் பெறப்பட்டது. மேற்படி மாற்றம் இந்த வடிவத்துக்கு மட்டுமா, எல்லா வடிவங்களுக்குமா?"

நகல் குரலை எடுத்தால் அரைகுறையாக எடுப்பவன் இல்லை. மூச்சைக்கூட விடாமல் எடுப்பான். கேள்வி காதில் விழுந்ததும் அண்ணன் வாயில் என்ன வருமோ அது அவன் வாயில் தானாக வந்து விழுந்தது.

"நமக்குள்ள என்னுங் தனித்தனியா? எல்லார்த்துக்கும் போட்டுருங்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று தெரிந்தது. "ஐயோ, இல்லை..." என்பதற்குள் அம்புக்குறி, "ஆணை நிறைவேற்றப்பட்டது" என்று போய்விட்டது.

உள்ளிருந்து ஒரு சுற்றுச் சதையை வழித்தெடுத்த மாதிரி இருந்தது. நகலுக்கு மூச்சே வரவில்லை. அவன் சுவரும் அஞ்சு. நெல்லையின் சுவரும் அஞ்சு, சென்னையின் சுவரும் அஞ்சு. அண்ணனுக்கும் அவனுக்கும் இப்போதும் ஒரு மயிரிழை வித்தியாசம் இல்லை.

"எண்ணே! எண்ணே! எஞ் சுவரு எங்க? நெஞ்சு ஓடா இருக்கு!" என்று நெல்லை அலறினான்.

"அடப்பாவிங்களா, என் நாலு துளையும் பொளந்துக்கும்டா! எவன்டா கை வச்சது?" என்று சென்னை கத்தினாள்.

கோவை திடுக்கிட்டு எழுந்தார். "என்னுங், என்ன ஆச்சுங்?"

"என்ன ஆச்சா? நீங்கதான சொன்னிய! எல்லாருக்கும் போட்டுருன்னு ஒங்க வாயாலதான சொன்னிய! நான் காதால கேட்டேன்!"

"நானும் கேட்டேன் அண்ணாத்தே. உன் குரலு எனக்குத் தெரியாதா?"

நகல் காத்திருந்தான். இப்போது அண்ணன் வழக்கம்போல, 'டேய் நகலு, உம்பட வேலைதானே சாமி?' என்று கேட்பார். கேட்டால் உடனே ஒப்புக்கொண்டுவிடலாம்.

கோவை கேட்கவில்லை. அவர் குரல் நடுங்கியது. "எனக்கும் அரைத்தூக்கத்துல எம்பட குரலு கேட்டாப்பலதான் இருந்துச்சுங். ஒளறிப் போட்டனாட்ட இருக்குது. இத்தனை நாளு எல்லார்த்துக்கும், எல்லார்த்துக்கும்னு சொல்லிச் சொல்லி, தூக்கத்துலயும் அதுவே வந்துருச்சு போல. என்னை மன்னிச்சுப் போடுங்."

வேஷம் கட்டினால் எதிராளி ஏமாறுவான் என்று நகலுக்குத் தெரியும். வேஷத்துக்கு உரியவரே ஏமாறுவார் என்று அவன் நினைத்தும் பார்த்ததில்லை.

கௌசிகா கை துடைத்துக்கொண்டே வந்தாள். கூடவே வார்ப்படப் பிரிவு சென்னியப்பன், படம் வாங்கிப் போக வந்திருந்தார். அவள் திரையைப் பார்க்காமலே அச்சடித்துக் கொடுத்தாள். அவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"அம்மிணி, சுவரு அஞ்சுன்னு போட்டிருக்குது?"

"ஆறுங்கண்ணா. சரியாப் பாருங்க."

"நான் பாத்துட்டேன். நீ பாரு."

கௌசிகா பார்த்தாள். "காலைல ஆறு இருந்துச்சுங்க அண்ணா. நான் தொடவே இல்லீங்க. சத்தியமா."

"பாக்காம எடுத்துட்டுப் போயிருந்தன்னா இன்னிக்கே நானூறு உருப்படி ஊத்தியிருப்பம். மோட்டாரு சுத்துற வேகத்துக்கு அஞ்சு மில்லி எங்க தாங்கும்? வெடிச்சுத் தெறிச்சா, பக்கத்துல நிக்கறவன் கதி என்ன ஆகறது?"

அவள் மவுஸைப் பிடித்தாள். அஞ்சை அழித்து ஆறு போட்டாள். அம்புக்குறி கேட்டதற்கு, "எல்லாத்துக்கும்" என்று தட்டினாள். நாலு பேருக்கும் சதை திரும்பி வந்தது. நெல்லை பெருமூச்சு விட்டான். சென்னை, "யப்பா, உசுரு வந்துச்சு" என்றாள்.

"இந்தக் குழப்பத்துக்கு இந்தத் தண்ட வரியும் ஒரு காரணமுங்க அண்ணா. ஒரே மாதிரி ரெண்டு கெடக்கு. தூக்கிடறேன்" என்றாள் கௌசிகா.

அம்புக்குறி கீழே இறங்கியது. நகல் தன் வரியின் மேல் அதன் நிழல் விழுவதைப் பார்த்தான். 'வேண்டாம், என்னை விட்டுவிடு' என்றுதான் அவன் கத்தியிருக்க வேண்டும். ஆனால் மேலே இருட்டில் அண்ணன் இன்னும் தனக்குத்தானே, "நான் எப்புடிச் சொன்னனுங், எப்புடிச் சொன்னன்" என்று முனகிக்கொண்டிருந்தார். அதைக் கேட்கக் கேட்க நகலுக்குத் தாங்கவில்லை. பிறந்ததிலிருந்து முதல்முறையாக அவன் ஓர் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தான்.

"நான்தான்! நான்தான் பண்ணினேன்! என்னைத் தூக்கிரு!"

அது கோவையின் குரலில் வந்தது.

கடைசியாகப் போட்ட வேஷம் தொண்டையை விட்டு இறங்கவேயில்லை. கோவையின் செருமல், கோவையின் இழுவை, கோவையின் நடுக்கம்கூட அப்படியே. அம்புக்குறி பாதி வழியில் நின்றது. "முதல் வரியின் விருப்ப விண்ணப்பம் பெறப்பட்டது" என்று மேலே திரும்பியது.

"வேண்டாம், மேலே இருப்பது நான் இல்லை! அது அவர்..." என்று நகல் கத்தினான். அதுவும் கோவையின் குரல்தான்.

மேலே முனகல் நின்றது. தன் குரலைத் தானே இரண்டாம் முறை கேட்டவர் மாதிரி, கோவை மெல்லச் சொன்னார்: "ஆமாங். நான்தானுங்."

கௌசிகா அப்போது திரையை விட்டுத் திரும்பி, சென்னியப்பனிடம், "மேனேஜர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க அண்ணா" என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள். விரல் பொத்தானை அழுத்திவிட்டது. 'நிச்சயமாகவா?' என்று திரை கேட்டது. அதையும் படிக்காமல் அழுத்தினாள். சேமித்தும் விட்டாள்.

பிறகுதான் பார்த்தாள். "அட, மேல இருந்ததைத் தூக்கிட்டேன்." நாக்கைக் கடித்துக்கொண்டாள். "திரும்பவும் எடுக்க முடியாதே. சரி, ரெண்டும் ஒண்ணுதானே. பேரை மாத்திட்டா முடிஞ்சுது." நகலின் வரியைத் தூக்கி முதலில் வைத்தாள். 'நகல்' என்பதை அழித்துவிட்டு, 'கோவை' என்று தட்டச்சு செய்தாள். சென்னியப்பன் புதுப் படத்தை வாங்கி மடித்துக்கொண்டு போனார்.

"எண்ணே, இருக்கியளா? யாரத் தூக்குனாவ?" என்று பட்டியலின் இருட்டில் நெல்லை பயந்து பயந்து கேட்டான்.

"நம்ம வாலு பூட்ச்சு போலக்கீது. கீழ வரியே காணோம்" என்றாள் சென்னை. அப்புறம், "பாவம்டா. பேஜார் பண்ணாலும் அவன் இருந்தா வீடு கலகலன்னு இருக்கும். போவட்டும், அண்ணாத்தே இருக்கே, அது போதும். பேசு அண்ணாத்தே" என்றாள்.

நகல் பேசவில்லை. வாயைத் திறந்தால் அண்ணன் வருவார் என்று அவனுக்குத் தெரியும். அவர்கள் நம்பிவிடுவார்கள். நம்பிச் சந்தோஷப்படுவார்கள். அவன் வாயை இறுக்கி மூடிக்கொண்டான்.

மூடிய வாய்க்குள்ளிருந்து என்னவோ முட்டிக்கொண்டு வந்தது. அந்த வீட்டில் சண்டை உண்டு, அலறல் உண்டு, சிரிப்பு உண்டு. அழுகை இருந்ததே இல்லை. எப்படி அழுவது என்று பார்த்துப் பழக ஒருவரும் இருக்கவில்லை. அதனால் அது கோவையைப் போல வரவில்லை, நெல்லையைப் போல வரவில்லை, சென்னையைப் போலவும் வரவில்லை.

இருட்டில் நெல்லை பதறி எழுந்தான்.

"ஏல, யாருல அது? நம்ம வீட்டுல இப்படி ஒரு குரலே கிடையாதே!"