ஓரடிப் பலகையில் எட்டு வாசல்

சவரிமுத்துவுக்கு எழுபது வயது. அவருடைய குருவுக்கு இருபத்தெட்டு. குருவின் பெயர் நிறைமதி. கட்டடக் கம்பெனிகளுக்கு அட்டையில் மாதிரி வீடுகள் செய்து கொடுப்பது அவள் தொழில். சனிக்கிழமைகளில் மட்டும், குட்டி ரயில் பாதை அமைக்க ஆசைப்படுகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பாள்.

மகன் எட்வினின் ஃப்ளாட்டில் சவரிமுத்துவுக்குக் கிடைத்த இடம், ஹால் சுவரில் இடுப்பு உயரத்தில் அடித்த ஒரு பலகை. ஐந்தடி நீளம், ஓரடி அகலம். இருபது வருஷம் ஃபிட்டராக வேலை பார்த்த லோகோ ஷெட்டை அதில் வைக்க நினைத்தார். நீராவி இன்ஜின்கள் நுழைய வரிசையாக எட்டு வாசல் கொண்ட ஷெட்.

“சின்னதா ஒரு ஸ்டேஷன் வெச்சுக்கோங்கப்பா. ஷெட்டெல்லாம் இதுல அடங்காது” என்றான் எட்வின். “மாசக் கடைசிக்குள்ள முடிங்க. இல்லன்னா அதுல செருப்பு அடுக்கிக்கறோம்.”

அவர் அடங்க வைத்தார். தண்டவாளம் பலகையின் நீளவாக்கில் ஓடியாக வேண்டும் என்பதால், எட்டு வாசலையும் ஓரடி அகலத்துக்குள் நெருக்கி, கூரையையும் அதற்கேற்பத் தணித்துக் கட்டி, நிறைமதியிடம் கொண்டுபோனார்.

அவள் அவருடைய குட்டி இன்ஜினை எடுத்து மூன்றாவது வாசலுக்குள் தள்ளினாள். புகைபோக்கி மேலே இடித்து நின்றது.

“இது வெளியிலயே நின்னு மழையில நனையணுமா சார்?”

“இடம் இல்லையே டீச்சர்.”

“வாசலைக் குறுக்கக் கூடாது. எண்ணிக்கையைக் குறைக்கலாம். எல்லாரும் அப்படித்தான் செய்யறாங்க. நாலு வாசல் போதும்.”

“எந்த நாலை விடறது?”

“அது உங்க இஷ்டம்.”

சவரிமுத்துவுக்குச் சுர்ரென்று வந்தது. “எட்டாவது வாசல்ல மூணு வருஷம் ஒரு இன்ஜினும் வரலை. அப்பவும் தினம் பெருக்கினோம். நீங்க குருவாவே இருந்துட்டுப் போங்க. நான் ஒண்ணையும் விடமாட்டேன்.”

நிறைமதி அன்றுதான் அவரை நேராகப் பார்த்தாள்.

“அப்போ எட்டையும் முழு அளவுல கட்டுங்க.”

“பலகையில கொள்ளாதே.”

“நான் பலகையைப் பத்திப் பேசலை.”

மாசக் கடைசியில் அவளே வீட்டுக்கு வந்தாள். புது ஷெட் ஒன்றரை அடி அகலம். பலகையில் ஏற்றியதும் மூன்றில் ஒரு பங்கு அந்தரத்தில் நீட்டிக்கொண்டு நின்றது.

“ஹால்ல நடக்கறவங்க இனிமே இடுப்புல தலையணை கட்டிக்கணும்” என்றான் எட்வின்.

நிறைமதி பலகையின் விளிம்பை ஒட்டி ஷெட்டின் மேல் பென்சிலால் ஒரு கோடு இழுத்தாள். பையிலிருந்து கத்தியை எடுத்தாள். கோடு ஆறாவது வாசலின் நடுவே போயிற்று.

சவரிமுத்து அவள் கையைப் பிடித்தார். “ஒண்ணையும் விடமாட்டேன்னு சொன்னேனே.”

“விடலை சார். கையை எடுங்க.”

கொஞ்ச நேரம் கழித்து எடுத்தார்.

கூரை, தூண், வாசல் எல்லாவற்றையும் அவள் ஒரே நேராக அறுத்தாள். அறுந்த துண்டு அவர் கையில் வந்து விழுந்தது. இன்ஜினைத் தள்ளினாள். எங்கும் இடிக்காமல் உள்ளே போயிற்று.

அறுத்த பக்கம் ஷெட் திறந்து கிடந்தது. உள்ளே தூண்கள் வரிசையாக இருட்டுக்குள் போயின. சவரிமுத்து கிட்டே போய்க் குனிந்து பார்த்தார். ஏழாவது வாசல் இருக்க வேண்டிய இடத்தில் அவருடைய வயிறு இருந்தது. அவர் நகரவில்லை.

எட்வினுக்கு மட்டும் திருப்தி இல்லை. “பாதியில அறுத்துப் போட்ட மாதிரி இருக்கே மேடம். அந்தப் பக்கம் ஒரு சுவரை ஒட்டி மூடிடுங்க. முடிஞ்ச மாதிரி இருக்கும்.”

நிறைமதி கத்தியை மடக்கிப் பைக்குள் போட்டாள்.

“முடிஞ்சது உங்க பலகைதான் சார். ஷெட் முடியலை.”