டெம்ப்ளேட்டில் இடமில்லாத நண்டு

அம்புரோஸ், காலிச் சங்குகளில் குடியேறும் சங்கு நண்டைப் பற்றி ஆய்வு தொடங்கியபோது தூத்துக்குடிக் கரையில் பிறந்த நண்டுகளெல்லாம் இப்போது கொள்ளுப்பேரன் எடுத்துவிட்டன. ஆய்வேடு மட்டும் பிறக்கவில்லை. இந்த வெள்ளிக்கிழமைக்குள் நெறியாளரின் கையெழுத்தோடு கொடுக்காவிட்டால் பதிவே ரத்து என்று பல்கலைக்கழகம் சொல்லிவிட்டது.

திங்கட்கிழமை காலை அம்புரோஸ், நெறியாளர் ஜெசிந்தாவின் அறைக்குள் புயல் மாதிரி நுழைந்தார். ஜெசிந்தா வயதில் அவருக்குத் தங்கை மாதிரி. ஆனாலும் மேடம் மேடம்தானே.

வேறு துறை சீனியர் ஒருவர் தன் ஆய்வேட்டையே டெம்ப்ளேட்டாகக் கொடுத்தாராம். எழுத்தைக் கொட்டினால் போதுமாம். பொருளடக்கம் தானே முளைக்கும், பக்க எண் தானே ஏறும், மேற்கோள் நூல்களெல்லாம் அகரவரிசையில் நின்று ‘உள்ளேன் ஐயா’ சொல்லும். ஒரே வாரத்தில் எல்லாத் தலைப்பையும் நிரப்பிவிட்டாராம். கல்யாணப் பத்திரிகைகூட இவ்வளவு அழகாக இருக்காது என்று ஆய்வேட்டை மேசையில் வைத்தார்.

ஜெசிந்தா புரட்டினார்.

“சரோஜினி யாரு?”

“தெரியலையே மேடம்.”

“உங்களை இத்தனை வருஷம் பசியறியாம பார்த்துக்கிட்ட மனைவின்னு நன்றியுரையில இருக்கு.”

அம்புரோஸ் எட்டிப் பார்த்தார். அவர் மனைவி பெயர் ஸ்டெல்லா. சீனியரின் நன்றியுரையை மாற்ற மறந்திருக்கிறார்.

“வீட்ல காட்டுனீங்களா?”

“காட்டியிருந்தா இங்க நடந்து வந்திருப்பேனா மேடம்?”

ஜெசிந்தா சிரித்தார். மீதியையும் பொறுமையாகப் படித்தார். பிறகு, தாள் பறக்காமலிருக்க வைத்திருந்த காலிச் சங்கை எடுத்து நீட்டி, இதில் நண்டு குடியேறுமா என்று கேட்டார்.

அவ்வளவுதான், அம்புரோஸ் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். வாய் குறுகல், ஏறாது என்றார். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார் மாதிரி, நண்டு தட்டிப் பார்க்கும், உருட்டிப் பார்க்கும், கொடுக்கை விட்டு ஆழம் பார்க்கும் என்று கையாலேயே நடித்துக் காட்டினார். முள்ளக்காட்டுக் கரையில் ஒரு நண்டு மருந்துப் பாட்டில் மூடிக்குள் குடியிருந்ததாம். பாவம் என்று நல்ல சங்கு ஒன்றைப் பக்கத்தில் வைத்தாராம். அது உள்ளே போய்ப் பார்த்துவிட்டு, வெளியே வந்து, பழைய மூடியையே மாட்டிக்கொண்டு போயிற்றாம். ஏன் என்று தெரிந்துகொள்ளப் பகல் முழுக்க மணலில் குப்புறக் கிடந்தாராம். முதுகு தோலுரிந்ததைச் சட்டையைத் தூக்கிக் காட்டப் போனார். ஜெசிந்தா வேண்டாம் என்றார்.

“இதெல்லாம் எத்தனாம் பக்கம்?”

அம்புரோஸ் புரட்டினார். முன்னாலிருந்து ஒருமுறை, பின்னாலிருந்து ஒருமுறை.

“டெம்ப்ளேட்ல அதுக்கு இடமே இல்லையே மேடம். வெள்ளிக்கிழமை வேற வருது.”

ஜெசிந்தா பேனாவைத் திறந்து கையில் வைத்துக்கொண்டார்.

“சங்குக்குள்ள அடங்கலைன்னு தன் காலையே வெட்டிப் போட்ட நண்டு ஒண்ணைக் காட்டுங்க. இப்பவே கையெழுத்துப் போடுறேன்.”