துண்டுக்குள் நுழைந்த மூன்றாவது கை

முன்னொரு காலத்தில், மொட்டைமாடியில் காற்று வாங்கிக்கொண்டிருந்த ஒரு ராஜாவால் சும்மா இருக்க முடியவில்லை. வடக்கு வாசலுக்கு வெளியே புழுதி பறந்தது. அன்று மாட்டுச் சந்தை. "இவ்வளவு பெரிய சந்தை என் நகரத்துக்கு வெளியே ஏன் கிடக்கிறது?" என்றார் கேசரிவர்மர். ராஜா கேட்டால் பதில் சொல்ல ஆளா இல்லை?

பொக்கிஷதார் நமச்சிவாயர் முன்னால் வந்தார். "அரசே, அந்தத் திடல் சுற்றுவட்டாரக் கிராமத்து நாட்டாருக்குச் சொந்தம். நகர எல்லைக்குள் விற்றால்தான் நமக்கு வரி. எல்லைக்கற்களைப் பிடுங்கித் திடலுக்கு அப்பால் நட்டுவிட்டால், விற்கும் ஒவ்வொரு மாட்டின் விலையிலும் பத்தில் ஒரு பங்கு கஜானாவுக்கு வரும்."

விகடகவி குப்பாண்டிக்கு அது பிடிக்கவில்லை. அவன் அந்தத் திடலில் மாட்டுத் தரகு பார்த்த ஒருவரின் மகன். சபையில் பட்டு உடுத்தி உட்கார்ந்திருந்தாலும் சந்தை நாள் வந்தால் அவன் மூக்கு வடக்கே திரும்பிவிடும். சாணமும் வைக்கோலும் வெல்லப் பணியாரமும் கலந்த வாசனை அது. அப்பாவின் தோளில் உட்கார்ந்து கழுத்துமணிச் சத்தம் கேட்ட நாட்களுக்காக அவன் ஏங்காத வாரமே இல்லை.

"பிரபு, மாட்டுக்காரன் கையில் நிற்பதே கொஞ்சம். அதிலும் வரி பிடித்தால் ஆற்றைத் தாண்டி அடுத்த ராஜ்யத்துக்கு மாட்டை ஓட்டிப் போய்விடுவான். சந்தை செத்துப்போகும்" என்றான்.

"தரகர் மகன் வேறு எப்படிப் பேசுவார்?" என்று சிரித்தார் நமச்சிவாயர். விகடகவியை ஊரைவிட்டு ஓட்ட அவர் வெகுநாளாகக் காத்திருந்தார். "வசூல் பொறுப்பை அவரிடமே கொடுங்கள், அரசே. ஒரு விற்பனை தப்பினாலும் நாடு கடத்திவிடுங்கள்." ராஜாவுக்கு அது வேடிக்கையாகப் பட்டது. "அப்படியே ஆகட்டும்" என்றார்.

இதில்தான் சூது இருந்தது. அந்தச் சந்தையில் யாரும் விலையை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். விற்பவனும் வாங்குபவனும் ஒரு துண்டைக் கைகள்மேல் போட்டுக்கொண்டு விரலைப் பிடித்தே பேரம் முடிப்பார்கள். பக்கத்தில் நிற்பவனுக்கும் தெரியாத விலைக்கு எவன் வரி வாங்குவது?

குப்பாண்டி கும்பிட்டான். "துண்டுக்குள் கைவிட்டால்தான் விலை தெரியும், பிரபு. என் கையை விட்டால், தன் ஆட்களுக்காகக் குறைத்துச் சொன்னான் என்பார்கள். இந்தச் சபையில் நாணயமான கை பொக்கிஷதாருடையதுதான்."

நமச்சிவாயருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "சரி, ஒரு துண்டு விடாமல் நீரே கைவிட்டு விலையை அறிந்து வாரும்" என்று ராஜாவும் உத்தரவு போட்டார்.

கற்கள் நகர்ந்தன. அடுத்த சந்தையில் சின்னமாயன் என்ற குடியானவன் ஒற்றைக்கொம்புப் பசுவை விற்றுக்கொண்டிருந்தான். நமச்சிவாயர் மோதிரக் கையைத் துண்டுக்குள் நுழைத்தார். வாங்க வந்தவன் சட்டென்று கையை உருவிக்கொண்டு நடந்தான்.

"எங்கே போகிறாய்?"

"மூணாவது கை நொழஞ்சா மாடு அந்தக் கைக்குத்தான் சாமி. நான் வெலகிக்கிட்டேன்."

"நான் விலை பார்க்க வந்தவனப்பா!"

"அதான் பாத்துட்டீகள்ல? கயித்தப் புடிங்க" என்றான் சின்னமாயன்.

நாட்டாரின் பெரியதனக்காரரும் அதையே சொன்னார். "சந்தை கூடுன நாள்லேர்ந்து இதுதானுங்க வழமை."

நமச்சிவாயர் விழித்தார். பாதியில் நிறுத்தினால் ராஜ கட்டளையை மீறியதாகும். அவர் அடுத்த துண்டுக்குப் போனார், அதற்கடுத்ததற்கும் போனார். செய்தி பரவியதும் விலை போகாத கிழ மாடும் உதைகாலி மாடும் வரிசையில் வந்து நின்றன.

சாயங்காலம் அரண்மனை முற்றத்தில் கால் வைக்க இடமில்லை. "அரசே, தங்கள் கட்டளைப்படிதான் கைவிட்டேன். ஆகவே இவற்றை வாங்கியது தாங்கள்தான்!" என்று அலறினார் நமச்சிவாயர். அவருடைய அங்கவஸ்திரத்தின் நுனியை ஒரு காளை நிதானமாக மென்றுகொண்டிருந்தது.

"அப்படியானால் வரி?" என்றார் ராஜா.

"ஒரு விற்பனையும் தப்பவில்லை, பிரபு" என்றான் குப்பாண்டி. "பத்தில் ஒரு பங்கைத் தாங்கள் தங்களுக்கே கட்டிக்கொள்ளலாம். மீதி ஒன்பது பங்குக்கு மாட்டுக்காரர்கள் வாசலில் நிற்கிறார்கள்."

"என் நகரத்தில் இப்படி ஒரு சட்டமா?"

"திடலை நகரத்துக்குள் கொண்டுவரச் சொன்னீர்கள். வழமையை மட்டும் வெளியே நிறுத்த முடியுமா?"

ராஜா காளையைப் பார்த்தார், பொக்கிஷதாரைப் பார்த்தார். அடக்க முடியாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து ஓய்ந்ததும் குரல் தணிந்தது. "சின்ன வயதில் காவலரை ஏமாற்றிவிட்டு அங்கே போய்ப் பணியாரம் தின்றிருக்கிறேன், குப்பாண்டி. அது யார் எல்லை என்று அன்றைக்குக் கேட்கத் தோன்றவில்லை. கற்களைப் பழைய இடத்திலேயே நடச் சொல். திடல் நாட்டாருடையதாகவே இருக்கட்டும். வாசலில் நிற்பவர்களுக்கு முழு விலையும் கொடுத்து அனுப்பச் சொல். பொற்கிழி எவ்வளவு வேண்டும், கேள்."

"பொற்கிழி வேண்டாம், பிரபு. இந்த ஒற்றைக்கொம்புப் பசு போதும். என் அப்பா ஆயுசு முழுக்க அடுத்தவன் மாட்டுக்கே விலை பேசினார். தனக்கென்று ஒரு மாடு வாங்காமலே போய்விட்டார்."

ராஜா சிரித்துக்கொண்டே கயிற்றை எடுத்துத் தன் கையாலேயே கொடுத்தார். சபையே கைதட்டிச் சிரித்தது. கயிற்றை வாங்கும்போது குப்பாண்டிக்குத்தான் சிரிப்பு வரவில்லை.