பாசிப் பாறையில் ஆளில்லை

பிள்ளையார் எறும்பு சுருக்கனுக்கு அந்தக் காட்டில் ஒரே ஒரு சிநேகிதிதான். அவள் ஒரு நீர்க்கரடி. பெயர்தான் கரடி, ஆள் ஒரு கசகசா அளவுகூடத் தேறமாட்டாள். குளக்கரைப் பாறையில் படர்ந்த பாசிக்குள் அவள் வீடு. எட்டுக் குட்டைக் கால்களையும் ஊன்றித் தத்தக்கா பித்தக்கா என்று நடப்பாள். அதனால் அவளுக்குத் தத்தக்கா என்றே பெயராகிவிட்டது. அவள் தங்கைக்குப் பெயர் பித்தக்கா. வேறென்ன வைப்பார்கள்!

ஐப்பசி மழைக்கு ஒதுங்கத்தான் சுருக்கன் முதன்முதலில் அந்தப் பாசிக்குள் நுழைந்தான். உள்ளே கால் வைத்ததுமே காலடியிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

“ஏ அண்ணே! காலை எடு! என் வீட்டு வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறாயே!”

சுருக்கன் குனிந்து பார்த்தான். “அடேயப்பா! என்னைவிடச் சின்ன ஆளும் உலகத்தில் உண்டா?”

“ஏன் இல்லை? இந்தப் பாசிக்குள் வாயைச் சக்கரமாய்ச் சுழற்றுகிற சக்கரவாயன்கள் இருக்கிறார்கள், நூல்புழுக்கள் இருக்கிறார்கள், நாங்கள் இருக்கிறோம். எங்களுக்கெல்லாம் நீதான் யானை!”

பிறந்ததிலிருந்து யாரும் சுருக்கனை யானை என்று சொன்னதில்லை. அவனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அன்றிலிருந்து மழைக்காலம் முடியும்வரை ஒரு நாள் தவறாமல் பாறைக்கு வந்தான். தத்தக்கா அவனைக் கேலி செய்வாள். அவன் காட்டுச் செய்திகளைச் சொல்லுவான். பித்தக்கா இடையில் புகுந்து இருவரையும் கேலி செய்வாள்.

தை பிறந்தது. மழை ஓய்ந்தது. ஒருநாள் தத்தக்கா கேலியை விட்டுவிட்டுப் பேசினாள்.

“அண்ணே, வெயில் ஏறினால் நாங்கள் காய்ந்துவிடுவோம். காலெல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டு, தூசி மாதிரி சுருண்டு கிடப்போம். நீ கூப்பிட்டால் காது கேட்காது. செத்துவிட்டோம் என்று மட்டும் நினைத்துவிடாதே! ஒரு சொட்டுத் தண்ணீர் விடு. ஒரு நாழிகை பொறு. எழுந்து வந்து பேசுவேன்.”

“இதைப் போய் மறப்பேனா!” என்றான் சுருக்கன்.

சித்திரை வந்தது. வெயிலென்றால் அப்படியொரு வெயில்! குளம் வற்றி, நட்டநடுவில் ஒரு கை அகலத்துக்குத்தான் தண்ணீர் நின்றது. புரளச் சேறில்லாமல் காட்டுப்பன்றிகள் உண்ணிக்கடியில் துடித்துப்போயின. காட்டுத் தலைவர் கரடியாரிடம் போய் அழுதன.

“முதுகைத் தேய்த்துக்கொள்ள ஒரு பாறை கொடுங்கள், ஐயா! இல்லாவிட்டால் செத்துப்போவோம்!”

கரடியார் நியாயஸ்தர். “கொடுக்கிறேன். ஆனால் ஓர் உயிர் குடியிருக்கிற இடத்தைக்கூடத் தொடக் கூடாது! எங்கெங்கே யார் இருக்கிறார்கள் என்று முதலில் எண்ணிப் பார்ப்போம்!” என்றார்.

பெரிய உயிர்களை எண்ணக் காகம் போயிற்று. சின்னஞ்சிறு உயிர்களை எண்ணச் சுருக்கனை அனுப்பினார்கள். முறை இதுதான். வாசலில் நின்று மூன்று தரம் கூப்பிட வேண்டும். பதில் வந்தால் ‘ஆள் உண்டு’ என்கிற மணத்தைத் தடவ வேண்டும். வராவிட்டால் ‘ஆளில்லை’ என்கிற மணத்தைத் தடவ வேண்டும். எறும்பு வைத்த மணத்தைப் பன்றி மூக்கு மோந்து தெரிந்துகொள்ளும்.

சுருக்கன் பெயருக்கேற்றபடி ஓடினான். மரப்பொந்து, சருகுமேடு, நத்தை ஓடு, ஒன்றையும் விடவில்லை. மற்ற எறும்புகள் வாயைப் பிளந்தன. “ஒரே நாளில் காட்டையே முடித்துவிடுவான் போலிருக்கிறதே!” அந்தப் பேச்சு அவன் காதில் விழுந்தது. அதுதான் வினையாயிற்று.

கடைசியாகப் பாசிப் பாறைக்கு வந்தான். வெயில் சாயத் தொடங்கியிருந்தது. பாசி கருகிச் சொரசொரவென்று கிடந்தது.

“தத்தக்கா! ஏ தத்தக்கா! தத்தக்கா!”

மூன்று தரம் கூப்பிட்டாயிற்று. பதில் இல்லை. உள்ளே எட்டிப் பார்த்தான். நாலைந்து தூசிதான் தெரிந்தது.

அவள் சொன்னது அவனுக்கு ஞாபகம் வராமலில்லை. வந்தது. தண்ணீருக்குக் குளத்தின் நடுவுக்குப் போக வேண்டும். போய்வரவே இருட்டிவிடும். அதற்குமேல் ஒரு நாழிகை காத்துக் கிடக்க வேண்டும். ஒரே நாளில் முடித்தவன் என்ற பேர் போய்விடும்.

‘வெயில் தாங்காமல் எங்கேயாவது இடம் மாறிப் போயிருப்பாள். கெட்டிக்காரியாயிற்றே!’ என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். பாறையில் ‘ஆளில்லை’ என்று தடவினான். ஓட்டமாய் ஓடினான். கரடியார் அவனை எல்லார் முன்னாலும் மெச்சினார்.

மறுநாளே பன்றிகள் வந்தன. மோந்து பார்த்தன. மணம் தெளிவாகச் சொன்னது. ஆசை தீர முதுகைத் தேய்த்தன. ஐந்தே நாளில் பாசி உதிர்ந்து பொடியாயிற்று. பிறகு ஆடிக் காற்று வந்து அந்தப் பொடியையும் வாரிக்கொண்டு போயிற்று.

முதல் மழை விழுந்தது. இடம் மாறிப் போனவள் மழைக்குத் திரும்பியிருப்பாள் என்று சுருக்கனுக்கு நிலைகொள்ளவில்லை. சொல்லவேண்டிய கதை எவ்வளவு சேர்ந்து கிடக்கிறது! “தத்தக்கா! உன் யானை வந்திருக்கிறேன்!” என்று கத்திக்கொண்டே பாறையில் ஏறினான்.

பாறை மொட்டையாக இருந்தது.

சுருக்கன் அங்குமிங்கும் ஓடினான். ஒரு வெடிப்புக்குள் மட்டும் துளிப் பாசி ஒட்டிக்கொண்டிருந்தது. அதில் ஈரம் ஏறியது. ஒரு தூசி மெல்ல உப்பியது. ஒரு கால் வெளியே வந்தது. எட்டும் வந்தன. பித்தக்கா!

“அண்ணே! வந்துவிட்டாயா?” சோம்பல் முறித்தபடி அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். “அக்கா எங்கே? எனக்குப் பக்கத்தில்தானே சுருண்டு படுத்தாள்?”

“பன்றிகள் வந்து...” என்று இழுத்தான் சுருக்கன்.

“ஆள் இருக்கிற இடத்துக்குப் பன்றிகள் ஏன் வந்தன?”

வெடிப்பின் ஓரத்தில் மழை படாத மூலை ஒன்று இருந்தது. அங்கே அவன் தடவிய மணம் இன்னும் போகவில்லை. ஆளில்லை, ஆளில்லை என்று அது அவன் மூக்கிலேயே ஏறியது.

“நான்தான் அப்படிச் சொன்னேன், பித்தக்கா.”

“தண்ணீர் விட்டுப் பார்த்தாயா, அண்ணே?”

“இல்லை.”

பித்தக்கா அவனைத் திட்டியிருந்தால் தேவலை. அக்காள் படுத்திருந்த இடம் வரைக்கும் தத்தக்கா பித்தக்கா என்று நடந்துபோய் உட்கார்ந்துகொண்டாள். சுருக்கன் பாறையில் முட்டி முட்டி அழுதான்.

கரடியாரிடமும் ஓடினான். “என் கணக்கு தப்பு, ஐயா! அங்கே ஆட்கள் இருந்தார்கள்!” கரடியார், “காற்று கொண்டுபோனதை நான் எந்தத் திசையிலிருந்து கேட்டு வாங்குவேன், சுருக்கா?” என்றார்.

அன்றிலிருந்து சுருக்கன் ஓடுவதில்லை. வாயில் ஒரு சொட்டுத் தண்ணீரை ஏந்திக்கொண்டு மெல்ல நடக்கிறான். யாரும் தேடாத இடமாகத் தேடுகிறான். யானைக் காலடித் தடம், ஆந்தைப் பொந்து, ஆமையின் முதுகு, மலையுச்சிப் பாறைக்குழி, இப்படி எங்கே தூசி கண்டாலும் ஒரு சொட்டு விடுகிறான். ஒரு நாழிகை பொறுக்கிறான். சில இடங்களில் சக்கரவாயன் எழுந்து, “யாரப்பா நீ?” என்று கேட்கும். சில இடங்களில் நூல்புழு நெளியும். நீர்க்கரடிகள்கூட எழுந்ததுண்டு. ஒவ்வொரு வாசலிலும் ‘ஆள் உண்டு’ என்று தடவிவிட்டு நகர்கிறான். எழுந்தவர்களில் ஒருத்தியும் தத்தக்கா இல்லை.

சாயங்காலமானால் பாறைக்கு வருவான். பித்தக்கா தலையைத் தூக்கிப் பார்ப்பாள்.

“கிடைத்தாளா, அண்ணே?”

“நாளைக்கு வேறு பக்கம் பார்க்கிறேன், பித்தக்கா.”

கூப்பிட்ட குரலுக்குப் பதில் வரவில்லை என்பதால் அங்கே உயிரே இல்லை என்று அவசரமாய் முடிவு கட்டுகிறவன், பிறகு ஆயுள் முழுக்கக் காத்திருந்தாலும் அந்த ஒரு நாழிகை அவனுக்குத் திரும்பக் கிடைக்காது.