முழங்கால் மூட்டு எங்கே?

மாசானத்தின் இரண்டு முழங்காலிலும் உலோக மூட்டு வைத்ததாகச் சொல்லி, அரசு காப்பீட்டுப் பணத்தை ஏப்பம் விட்டவர் டாக்டர் கருணாகரன். குற்றவாளிக் கூண்டில் ஏறியும் மிடுக்குக் குறையவில்லை.

"இது தழும்பே விழாத வெளிநாட்டு ஆபரேஷன். எக்ஸ்ரே பார்க்கத் தெரியுமாம்மா உங்களுக்கு?" என்று புதிதாக வந்த அரசு வக்கீல் செண்பகவடிவைப் பார்த்துச் சிரித்தார்.

"தெரியாது டாக்டர். ஆனா, கோர்ட்டு வாசல்ல நிக்கிற மெட்டல் டிடெக்டருக்குத் தெரியும்."

நீதிபதியும் எழுந்து வாசலுக்கே வந்துவிட்டார். மாசானம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நொண்டி நொண்டி உள்ளே நுழைந்தார். மெஷின் வாயே திறக்கவில்லை.

"மெஷின் ரிப்பேர்!" என்று கத்திக்கொண்டு டாக்டரே அதற்குள் பாய்ந்தார். பையிலிருந்த கார் சாவிக்கு அது ஊரையே கூட்டியது.

மாசானம் வக்கீலைப் பார்த்தார். "யம்மா, எனக்கு வைக்க வேண்டிய மூட்டு டாக்டரய்யா பையிலேயே கிடக்கு போல இருக்கே!"