பச்சை வயிறும் ஒற்றைச் சாட்டையும்

குளத்தின் குறுக்கே வரப்பு போட்ட மகராசரே, குற்றம் உங்கள்மேல்தான். செடிகள் இந்தப் பக்கம், விலங்குகள் அந்தப் பக்கம் என்று சொல்லிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு போனீர்களே, நடுவில் நிற்கிறவர்களை ஒரு தரமாவது குனிந்து பார்த்தீர்களா?

கண்ணுக்குத் தெரியாத உயிர்கள்கூட வாய் திறந்து வழக்காடிய அந்தக் காலத்தில், அந்தக் குளத்தில் யூக்ளினா என்று ஒருத்தி இருந்தாள். உடம்பு மொத்தமும் ஒரே செல். வயிற்றில் பச்சை, வெயிலைக் குடித்தே பசியாறுவாள். முன்னால் ஒரு சாட்டை. அதைச் சுழற்றி நீந்துவாள்.

ஒரு கோடையில் குளம் வற்றி, வரப்புக்கு இருபுறமும் பக்கத்துக்கு ஒரு குழியில் மட்டும் தண்ணீர் நின்றது. வெளியே நின்றால் காய்ந்து சாக வேண்டியதுதான்.

செடிக்குழிக்கு அல்லி காவல். "நீந்தித் திரியிறவளுக்கு இங்க என்ன வேலை? சாட்டையைக் கழற்றிட்டு வா."

"நீ உன் இலையைக் கழற்று, நானும் கழற்றுறேன்!" என்று சீறிவிட்டு யூக்ளினா மறுபக்கம் போனாள்.

விலங்குக்குழிக்கு நண்டு காவல். அங்கே நினைத்தபடி உருவம் மாறுகிற இன்னொரு ஒற்றைச் செல்காரன், அமீபா, கெஞ்சிக்கொண்டிருந்தான். "நேத்து ஒரு உருவம், இன்னிக்கு ஒரு உருவம். உன்னை யாருன்னு உள்ளே விட?" என்று நண்டு அவனைத் தள்ளிவிட்டது.

யூக்ளினா பேரத்தில் இறங்கினாள். "என்கிட்ட இருக்கிற பச்சைதானே உனக்கு உறுத்துது? அது போயிட்டா?"

"விடுறேன்."

கல்லுக்கடியில் இருட்டில் போய்க் கிடந்தாள். அழுகலைத் தின்று உயிரைப் பிடித்துக்கொண்டாள். பச்சை வெளுத்தது. நண்டு வழிவிட்டது. ஆனால் குழியில் வெயில் பட்டதும் வயிறு மறுபடி பச்சையாகத் துளிர்த்துவிட்டது.

"ஏமாத்துக்காரி!" நண்டு அவளைக் கொடுக்கால் வாரிச் சேற்றில் எறிந்தது.

அங்கே அமீபா உடம்பை உள்ளே இழுத்து உருண்டுகொண்டிருந்தான்.

"என்னடா பண்ற?"

"எந்த உருவத்தோட போனாலும் விரட்டுறாங்களே அக்கா. உருண்டு, மேல ஒரு ஓடு போட்டுக்கிறேன். நீயும் வா."

யூக்ளினா இந்தத் தடவை பேரம் பேசவில்லை. அல்லிக்காகக் கழற்றாத சாட்டையைத் தானே உதறிவிட்டு உருண்டாள். மேலே சேறு பாளம் பாளமாக வெடித்தது.

பிறகு மழை வந்தது. ஓடு இளகியது.

"அக்கா, இருக்கியா?"

"அப்பாடா! இருக்கேன்டா. சாட்டைகூடப் புதுசா முளைக்குது!"

மழை வரப்பையும் கரைத்திருந்தது. கரைந்த சேற்றில் இருவரும் வயிறு நிறையச் சிரித்தார்கள்.

அன்று முதல்தான் இந்த ஒற்றைச் செல்காரர்கள் செடியிலும் சேராமல், விலங்கிலும் சேராமல் தனிக் கூட்டமாகத் திரிகிறார்கள். குளம் வற்றினால் உருண்டு, ஓடு போட்டு, மழைக்குக் காத்திருக்கிறார்கள். பிழைத்துவிட்டார்கள், சந்தோஷம். ஆனால் வரப்புக்காரரே, மறுபடி மண்வெட்டியோடு வருவீர்கள் அல்லவா? இந்தத் தடவை குனிந்து பார்த்து, இவர்களுக்கும் ஒரு குழி வெட்டிவிட்டுப் போங்கள்.