மூலை மடித்த மனு

மேற்கரை நாட்டுக்கும் கீழ்க்கரை நாட்டுக்கும் நடுவே ஓடும் ஆற்றில் ஒரு தீவு. அதில் ஒரு கான்வென்ட் பள்ளி. இரண்டு நாட்டுப் பிள்ளைகளும் அங்கேதான் படித்தார்கள். படித்து முடித்துக் கரையேறியதும் ஒருவரையொருவர் திட்டத் தொடங்கினார்கள்.

அங்கிருந்த சிஸ்டர் பெர்பெத்துவா, படிக்கும்போது ஜெசிந்தாவுக்கு ஒரு வகுப்பு ஜூனியர். ஆனாலும் ஜெசிந்தாவுக்கு அவர்தான் குரு. மேற்கரை அரசில் அதிகாரியாகிக் கார் வந்த பிறகும், குழப்பம் என்றால் படகேறிவிடுவாள்.

அன்றும் வந்தாள். கையில் ஆபீஸில் கொடுத்த இரண்டு மனுக்கள், நாட்டுக்கு ஒன்று. பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

"பாப்பாவை எங்க விட்டீங்க, அக்கா?"

"பக்கத்து வீட்டு அண்ணன்கிட்ட. சிஸ்டர், நாளைக்குப் பேச்சுவார்த்தை. நம்ம சந்தையில குண்டு வச்சவன் கீழ்க்கரையில இருக்கான். ஒப்படைங்கன்னா, போராளின்னு அவனுக்கு மாலை போடுறாங்க. அது போதாதுன்னு, நம்மகிட்ட அடைக்கலம் வந்த யாரோ ஒரு நல்ல மனுஷரைத் தீவிரவாதின்னு கேக்குறாங்க! பொண்ணைக் கூட்டிட்டுக் காய் வாங்கப் போகவே பயமா இருக்கு. தீவிரவாதின்னா யாருன்னு இவங்களுக்கு எப்படிப் புரிய வைக்கிறது?"

"திருத்திப் பாத்துடலாம்."

யாருடைய தாள் என்று திருத்துகிறவருக்குத் தெரியாதபடி, பரீட்சைத் தாளின் மூலையை மடித்து ஒட்டுவது அந்தப் பள்ளியின் வழக்கம். சிஸ்டர் இரண்டு மனுக்களின் மூலையையும் மடித்து ஒட்டினார். ஊர், பெயர், தேதி வந்த இடங்களில் துண்டுக் காகிதம். பிறகு சிவப்புப் பேனாவை நீட்டினார்.

முதல் தாள்: 'கூட்டத்தில் குண்டு வைத்தான். பலர் இறந்தனர், சிலர் பள்ளிச் சீருடையில் இருந்தனர். அவனுக்கு நீங்கள் வீடு கொடுத்திருக்கிறீர்கள்.'

ஜெசிந்தாவின் கண் கலங்கியது. "நம்ம மனுதான். பெத்த வயிறு எரியுது, சிஸ்டர். இவனை ஒரு நாள்கூட வெளிய விடக்கூடாது!" நூற்றுக்கு நூறு.

இரண்டாவது தாளிலும் ஏறக்குறைய அதேதான்.

"சுத்தப் புளுகு. எங்கயாவது ஸ்டவ் வெடிச்சிருக்கும்." நூற்றுக்கு ஐந்து. "அதுவும் தாளைக் கசக்காம கொடுத்ததுக்கு."

சிஸ்டர் மூலைகளைப் பிரித்தார். துண்டுக் காகிதங்களையும் உரித்தார்.

ஐந்து மார்க் தாளில் மேற்கரை முத்திரை. அதே சந்தை.

நூறு மார்க் தாளில் கீழ்க்கரை முத்திரை. ஒப்படைக்கக் கேட்கும் ஆளின் பெயர்: வேலப்பன்.

"ஐயையோ, தப்பாப் போட்டுட்டேன்! வேலப்பன் அண்ணனா? தங்கமான மனுஷர், சிஸ்டர். பக்கத்து வீடுதான். என் மிக்ஸியைக்கூட அவர்தான் சரிபண்ணிக் கொடுத்தார். வயர் வேலைன்னா அவரை அடிச்சுக்க ஆளே..."

ஜெசிந்தா நிறுத்தினாள். பேனாவை மூடி, மறுபடி திறந்தாள்.

"ரெண்டு மார்க்கையும்... மாத்திப் போட்டுடவா, சிஸ்டர்?"

"தாராளமா, அக்கா. பாப்பாவைக் கூட்டிட்டு வந்து, மடியில வச்சுக்கிட்டு மாத்துங்க."